உலோக நஞ்சும் நரம்புக்கேடும்: வட்டப்புழுக்களைக் கொண்டு செய்யப்படும் ஆராய்ச்சி

நெல்லும் மரக்கறியும் பயிரிடுவோர் வட்டப்புழு என்னும் பெயரைக் கேட்டவுடன் வேர்முடிச்சு நோயையே நினைப்பர். தக்காளி, கத்தரி, கரட் முதலியவற்றின் வேர்களில் முடிச்சுக்களை உண்டாக்குவனவும், நெல்வேரைத் தாக்கிப் பயிரின் வளர்ச்சியைக் குன்றச் செய்வனவும் வட்டப்புழுக்களே. ஆயினும் வட்டப்புழுக்கள் யாவும் பயிருக்குப் பகையல்ல. வேரைத் தீண்டாது, அழுகும் இலைதழைகளிலுள்ள பற்றீரியாக்களை உண்டு வாழும் இனங்களும் பல உள. அவற்றுள் ஒன்று, உலோகங்கள் உடலினுட் புகுந்து நரம்புகளை எவ்வாறு கெடுக்கின்றன என்பதை அறிதற்கு உலகின் பல ஆய்வுகூடங்களில் வளர்க்கப்பட்டு வருகின்றது.

இவ்வாராய்ச்சி கமக்காரருக்குத் தொடர்பற்றதன்று. உருளைக்கிழங்கு, தக்காளி முதலிய பயிர்களின் வெளிறல் நோய்க்கு விசிறப்படும் பங்கசுநாசினிகளுட் சில உலோகம் சேர்ந்தவை. அவற்றைக் கரைப்பவரும் விசிறுபவரும் கமக்காரரே. ஆதலின் இவ்வாராய்ச்சி எவ்வாறு செய்யப்படுகின்றது, அதனால் அறியப்பட்டவை யாவை, கமக்காரர் அதிலிருந்து கற்க வேண்டியது யாது என்பன இங்கு விளக்கப்படுகின்றன.

உலோகம் உணவாவதும் நஞ்சாவதும்

பயிருக்கு இரும்பு, மங்கனீசு, நாகம், செம்பு ஆகிய உலோகங்கள் சிறிதளவில் இன்றியமையாதன. நாகம் குறைந்த வயலில் நெற்பயிர் குட்டையாகி இலைகளிற் கபிலநிறப் புள்ளிகள் தோன்றுவதைக் காணலாம். அதே நிலத்தில் இரும்பு மிகுந்தாலும் பயிர் வெண்கல நிறமடைந்து வாடுகின்றது. எனவே உலோகம் நன்மையோ தீமையோ என்பது அதன் அளவைப் பொறுத்தது. இரசம், ஈயம், கட்மியம் ஆகியனவோ உடலுக்கு யாதொரு பயனுமற்றவை. அவை எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவுக்கு நன்று.

மனித உடலிலும் இவ்விதியே செல்லும். மங்கனீசு எலும்பு வளர்ச்சிக்கும் பல நொதியங்களின் தொழிலுக்கும் வேண்டப்படுவது. உணவுடன் வரும் மங்கனீசில் ஒரு சிறுபகுதியையே குடல் உறிஞ்சுகின்றது. மிகுந்ததை ஈரல் பித்தத்தின் வழியே வெளியேற்றி விடுகின்றது. ஆனால் தூளாகவோ புகையாகவோ நுண்துளியாகவோ மூச்சுடன் புகும் மங்கனீசு இக்காவலைத் தாண்டிச் செல்கின்றது. அது நுரையீரலிலிருந்து நேரே குருதியிற் கலந்து, ஈரலுக்குச் செல்லுமுன்னரே மூளையை அடைய வல்லது. ஒரே பொருள் உண்ணும்போது தீங்கின்றியும் சுவாசிக்கும்போது நஞ்சாகவும் அமைவதற்கு இதுவே முக்கிய காரணம்.

இரும்புச்சத்துக் குறைந்தவரின் உடல் மங்கனீசைக் கூடுதலாக உறிஞ்சும் என்பதும் அறியப்பட்டுள்ளது. இரும்பை உள்ளே கொண்டு செல்லும் அதே வாயில் மங்கனீசையும் கொண்டு செல்வதால் இவ்வாறு நிகழ்கின்றது. குருதிச்சோகையுள்ளவர் இத்தகைய தூளை அளையும் வேலையில் ஈடுபடுதல் இருமடங்கு தவறாகும்.

கடந்த காலம் கற்பித்தவை

மங்கனீசு நரம்பைக் கெடுக்கும் என்பதை முதலில் எழுதி வைத்தவர் ஜோன் கூப்பர் என்னும் வைத்தியராவர். 1837 ஆம் ஆண்டில், கிளாஸ்கோ நகரில் மங்கனீசு ஒட்சைட்டை அரைத்துத் தூளாக்கிய தொழிலாளர் சிலரின் கால்கள் வலுவிழந்ததையும், அவர்கள் தள்ளாடி நடந்ததையும், குரல் தாழ்ந்து முகம் உணர்ச்சியற்றுப் போனதையும் அவர் விவரித்தார். 1955 ஆம் ஆண்டில் மொறொக்கோ நாட்டுச் சுரங்கத் தொழிலாளரிடையே இதே நோய் விரிவாக எடுத்துரைக்கப்பட்டது. 1988 ஆம் ஆண்டில் பிறேசில் நாட்டிலிருந்து வெளியான ஓர் அறிக்கை, மங்கனீசு கலந்த மனெப் என்னும் பங்கசுநாசினியை நெடுங்காலம் கையாண்ட கமத்தொழிலாளரிடம் இத்தகைய குறிகள் தென்பட்டதைக் கூறிற்று. சுரங்கத்தின் நோய் தோட்டத்திலும் தோன்றக்கூடும் என்பதற்கு அது ஓர் எச்சரிக்கையாயிற்று.

விதைநெல் வைத்திருப்போர் யாவரும் அறிய வேண்டிய மற்றொரு நிகழ்ச்சி ஈராக் நாட்டில் 1971-72 ஆம் ஆண்டுகளில் நடந்தது. பங்கசு நோயைத் தடுத்தற்பொருட்டு மெதையில் இரசம் என்னும் இரசச் சேர்வையாற் பரிகரிக்கப்பட்ட கோதுமையும் வாற்கோதுமையும் விதைப்பதற்காக அந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டன. நஞ்சூட்டியது என்பதை உணர்த்தும் பொருட்டுத் தானியத்திற்குச் சிவப்பு நிறம் ஊட்டப்பட்டிருந்தது. சாக்குகளில் எழுதப்பட்டிருந்த எச்சரிக்கையோ அந்நாட்டுக் கமக்காரர் அறியாத மொழியில் இருந்தது. பலர் அத்தானியத்தை மாவாக்கி ரொட்டி சுட்டு உண்டனர். சிலர் கழுவிப் பார்த்தனர். நிறம் போயிற்று, நஞ்சு போகவில்லை. சிலர் கோழிகளுக்குச் சில நாள் இட்டுப் பார்த்தனர். கோழிகள் சாகாமையால் தீங்கில்லையென்று துணிந்தனர். கிழமைகள் சென்றபின்னரே வாயைச் சுற்றியும் விரல்களிலும் மரமரப்பு, நடைத் தள்ளாட்டம், பார்வை மங்கல், செவிட்டுத்தன்மை என்பன ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. 6,530 பேர் வைத்தியசாலைகளிற் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 459 பேர் இறந்தனர். கருப்பையிலிருந்த குழந்தைகளும் மூளை பாதிக்கப்பட்டுப் பிறந்தன.

இந்நிகழ்ச்சிகள் யாவற்றிலும் ஒரு பொது இயல்பைக் காணலாம். நஞ்சு புகும் நாளும் நோய் தெரியும் நாளும் வெவ்வேறு. நோய் வெளிப்படும்போது நரம்புக்கலங்கள் பல அழிந்துவிடுகின்றன. அழிந்த நரம்புக்கலம் மீண்டும் முளைப்பது அரிது. ஆகையால் ஒரு பொருள் நரம்புக்குக் கேடானதா என்பதை மனிதர் நோயுறுமுன்னரே அறிய வேண்டும். அதனை மனிதரிற் பரிசோதித்தல் ஆகாது. எலி, சுண்டெலி ஆகியவற்றிற் பரிசோதிப்பதற்கு நெடுங்காலமும் பெருஞ்செலவும் வேண்டும். இவ்விடத்திலேதான் வட்டப்புழு உதவிக்கு வருகின்றது.

ஆராய்ச்சிக்கு எடுக்கப்படும் புழு

இப்புழுவின் விஞ்ஞானப்பெயர் சீனோராப்டிற்றிசு எலெகன்சு என்பதாகும். அல்ஜியர்ஸ் நகரில் வாழ்ந்த எமில் மோப்பா என்னும் பிரெஞ்சு அறிஞர் இதனை 1900 ஆம் ஆண்டில் விவரித்தார். நரம்பின் தொழிலை ஆராய்வதற்கேற்ற எளிய உயிரொன்றைத் தேடிய சிட்னி பிரெனர் என்பவர், இங்கிலாந்தின் கேம்பிரிட்ச் நகரில் 1963 ஆம் ஆண்டளவில் இதனைத் தெரிந்தெடுத்தார். இவ்வினத்தைக் கொண்டு செய்த ஆராய்ச்சிக்காக அவருக்கும் வேறிருவருக்கும் 2002 ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இப்புழுவைத் தெரிந்தெடுத்தமைக்குரிய காரணங்கள் பின்வருவன:

1. முதிர்ந்த புழுவின் நீளம் ஏறக்குறைய 1 மில்லிமீற்றர். கையகலத் தட்டொன்றில் ஆயிரக்கணக்கான புழுக்களை வளர்க்கலாம்.

2. முட்டையிலிருந்து முட்டையிடும் பருவத்தை அடைவதற்கு மூன்று நாள் தொடக்கம் நான்கு நாள் வரையே செல்லும். ஆயுள் இரண்டு மூன்று கிழமையாகும். ஆதலின் ஒரு புழுவின் முழு வாழ்நாளையும் ஒரு மாதத்துக்குள் அவதானிக்கலாம்.

3. பெரும்பாலானவை ஆண் பெண் ஆகிய இருதன்மையும் ஒருங்கே உடையன. ஒரு புழு தானே கருவுற்று ஏறக்குறைய 300 முட்டைகளை இடும். தன்மகரந்தச் சேர்க்கையாற் பெருகும் நெல்லினம் தூய்மையாக இருத்தல்போல, இப்புழுவின் சந்ததியும் ஒரே இயல்புடையதாக அமைகின்றது. ஒரே இயல்புடைய விதையைக் கொண்டன்றிப் பசளைப் பரிசோதனை செய்தல் இயலாது என்பதைக் கமக்காரர் அறிவர். இதற்கும் அதுவே நியாயம்.

4. உடல் கண்ணாடிபோல ஊடுகாட்டும். உயிருடனேயே நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து உள்ளுறுப்புக்களைக் காணலாம்.

5. நரம்புக்கலங்கள் எண்ணப்பட்டுள்ளன. இருதன்மையுள்ள புழுவில் 302 நரம்புக்கலங்கள் உள. அவை ஒன்றோடொன்று எவ்வாறு இணைந்துள்ளன என்பதைக் காட்டும் படம் 1986 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்புக்கலங்கள் இருத்தலை நோக்க, இது மிகச் சிறிய தொகையே. ஆயினும் நரம்புக்கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் இரசாயனப் பொருள்கள் பெரும்பாலும் இரண்டிலும் ஒன்றே. டோபமீன் என்பது அவற்றுள் ஒன்று.

6. இதன் பரம்பரையலகுகளின் முழுத்தொகுதியும் 1998 ஆம் ஆண்டில் வாசித்தறியப்பட்டது. பலகல விலங்குகளுள் முதன்முதலாக வாசிக்கப்பட்டது இதுவே.

பரிசோதனை செய்யும் முறை

புழுக்கள் ஏகார் என்னும் கடற்பாசிக்கூழ் வார்த்த தட்டுக்களில் வளர்க்கப்படும். கூழின்மீது தீங்கற்ற பற்றீரியா தடவப்பட்டிருக்கும். அதுவே புழுக்களின் மேய்ச்சல் நிலம். ஒரே வயதான புழுக்களைப் பிரித்தெடுத்து, உலோக உப்பைக் குறைந்த செறிவு தொடக்கம் கூடிய செறிவுவரை படிப்படியாகக் கரைத்த நீரில் குறித்த நேரம் இடுவர். ஒரு பகுதிப் புழுக்கள் உலோகமற்ற நீரிலேயே இடப்படும். பசளை இடாத ஒப்புப்பாத்தி ஒன்றின்றிப் பசளையின் பயனைக் கூறமுடியாததுபோல, இவ்வொப்புப் புழுக்களின்றி உலோகத்தின் கேட்டையும் கூறமுடியாது.

முதலிற் பார்க்கப்படுவது சாவு. எச்செறிவிற் பாதிப் புழுக்கள் இறக்கின்றன என்று கணிக்கப்படும். 1988 ஆம் ஆண்டில் வில்லியம்ஸ், டூசன்பெரி ஆகிய இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் பல உலோக உப்புக்களை இவ்வாறு சோதித்து, புழுவிற் கிடைத்த முடிவுகளை எலி, சுண்டெலி ஆகியவற்றின் முடிவுகளோடு ஒப்பிட்டனர். முள்ளந்தண்டுள்ள விலங்குகளுக்கு ஓர் உலோகம் எத்துணைக் கொடியது என்பதை முன்கூட்டி ஊகிப்பதற்கு இப்புழு பயன்படும் என்று அதனால் அறியப்பட்டது. பிற்காலத்தில் மண், நீர், ஆற்றுப்படிவு ஆகியவற்றின் நஞ்சுத்தன்மையை இப்புழுவின் வளர்ச்சியையும் இனப்பெருக்கத்தையும் கொண்டு அளக்கும் முறையொன்று 2010 ஆம் ஆண்டிற் சர்வதேச நியமமாகவும் வெளியிடப்பட்டது.

ஆனால் சாவை எண்ணுதல் போதாது. ஈராக் நாட்டிற் கோழிகள் சாகாமையைக் கண்டு ஏமாந்தவர்களின் அனுபவம் இதனை நன்கு விளக்கும். சாகாத உயிரும் நரம்பு கெட்டிருத்தல் கூடும். ஆகவே நரம்பின் தொழிலைக் காட்டும் அசைவுகள் எண்ணப்படுகின்றன. நீரில் விடப்பட்ட புழு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை உடலை வளைக்கின்றது, பற்றீரியாவை விழுங்கும்போது தொண்டை எத்தனை முறை துடிக்கின்றது, விரும்பிய மணத்தை நோக்கி எவ்வளவு விரைவில் நகர்கின்றது என்பன அவ்வாறு கவனிக்கப்படுவன.

இவற்றுள் ஒரு சோதனை சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. உணவற்ற இடத்தில் ஊரும் புழு, பற்றீரியா படிந்த இடத்தை அடைந்தவுடன் வேகத்தைக் குறைக்கும். இதனைச் செய்விப்பது டோபமீன். டோபமீனைச் சுரக்கும் நரம்புக்கலங்கள் இப்புழுவில் எட்டே உள. அவை கெட்டால், புழு உணவின்மீது ஏறியும் வேகம் குறையாது ஊர்ந்து செல்லும். வெட்டுவாய் வந்தும் திரும்பாது செல்லும் மாட்டைப்போல, அதன் நடையைக் கொண்டே நரம்புக்கேட்டை உணரலாம்.

நரம்புக்கலங்களை நேரிற் காண்பதற்கும் வழியுண்டு. கடலிலுள்ள ஒருவகை இழுதுமீனில் பச்சை ஒளிவீசும் புரதம் ஒன்று உளது. அதற்குரிய பரம்பரையலகைப் புழுவிற் சேர்த்து, விரும்பிய நரம்புக்கலங்களை மட்டும் ஒளிரச் செய்யலாம் என்பதை மார்ட்டின் சால்பி என்பவர் 1994 ஆம் ஆண்டிற் காட்டினார். இவ்வாறு டோபமீன் நரம்புக்கலங்கள் எட்டும் பச்சைப் பொட்டுக்களாகவும் இழைகளாகவும் ஒளிரும் புழுக்கள் உண்டாக்கப்பட்டுள்ளன. உலோகம் பட்டபின் அவ்விழைகள் முடிச்சுப்படுகின்றனவா, துண்டாகின்றனவா, பொட்டுக்கள் மறைகின்றனவா என்று ஒவ்வொன்றாக எண்ணலாம். எட்டில் எத்தனை அழிந்தன என்பதை ஐயமறச் சொல்லக்கூடிய வேறு விலங்கு அரிது.

மங்கனீசைப்பற்றி அறியப்பட்டவை

மனிதனில் இரும்பையும் மங்கனீசையும் கலத்தினுட் கொண்டு செல்லும் வாயிற்புரதத்தை ஒத்த மூன்று புரதங்கள் இப்புழுவில் உள. 2009 ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சிகள், இவ்வாயில்களின் வழியே மங்கனீசு உட்செல்வதையும், அவற்றுட் சிலவற்றை இழந்த புழுக்களில் மங்கனீசினால் நேரும் கேடு குறைவதையும் எடுத்துக்காட்டின. எனவே மங்கனீசு புதியதொரு வழியை உடைத்துப் புகுவதில்லை. இரும்புக்கென அமைந்த கதவினாலேயே நுழைகின்றது.

உட்புகுந்தபின் டோபமீன் நரம்புக்கலங்களே முதன்மையாகக் கெடுவது ஏன் என்பது நெடுநாளைய வினா. 2010 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதற்கு ஒரு விடையைத் தந்தது. டோபமீனை ஆக்கும் ஆற்றலை இழந்த புழுக்களை மங்கனீசு நீரில் இட்டபோது, அவை ஏனைய புழுக்களைவிடத் தாக்குப்பிடித்தன. அதாவது நரம்புக்கலத்தின் தொழிலுக்குரிய டோபமீனே, மங்கனீசு மிகுந்த இடத்தில் ஒட்சியேற்றமடைந்து கேட்டை வளர்க்கும் பொருளாகின்றது. இரும்பு துருப்பிடிப்பதும் ஒட்சியேற்றமே. கலத்தினுள் நிகழும் இவ்வொட்சியேற்றம் அதன் சவ்வுகளையும் புரதங்களையும் அரித்து விடுகின்றது. புழு உண்ணும் உணவு, வாழும் இடம், உடலமைப்பு யாவும் மனிதனிலிருந்து வேறுபடினும், இவ்விரசாயன மாற்றம் இரண்டிடத்தும் நிகழக்கூடியதே.

பங்கசுநாசினியைப்பற்றி அறியப்பட்டவை

மாங்கோசெப் என்னும் பங்கசுநாசினி, மங்கனீசும் நாகமும் ஒரு கரிமச் சேர்வையோடு பிணைந்தது. அதன் தாக்குபொருளில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு மங்கனீசாகும். மனெப் என்பதும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அமெரிக்காவின் தெனெசி மாநிலத்தில் ஓர் ஆராய்ச்சிக்குழுவினர், இவ்வகைப் பங்கசுநாசினி ஒன்றிற் புழுக்களைச் சிறிது நேரம் இட்டு எடுத்து, பின்னர் அவற்றின் ஒளிரும் நரம்புக்கலங்களைப் பார்வையிட்டனர். 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் வெளியான அவர்களுடைய முடிவுகளின்படி, செறிவு கூடக்கூட நரம்பிழைகளின் அழிவும் கூடிற்று. டோபமீன் நரம்புக்கலங்கள் மட்டுமன்றி, தசைகளைத் தளர்த்தும் செய்தியை அனுப்பும் நரம்புக்கலங்களும் பாதிக்கப்பட்டன.

2013 ஆம் ஆண்டில் வெளியான வேறோர் ஆய்வு கமக்காரருக்கு இன்னும் முக்கியமானது. மாங்கோசெப் பட்ட புழுக்களில் அசைவுக்குறைபாடு முதலில் தோன்றியது. நரம்புக்கலங்களின் உருவம் சிதைந்தது அதற்குப் பின்னரே. நுணுக்குக்காட்டியிற் பழுதின்றித் தோன்றும் நரம்பும் தன் தொழிலை முன்னரே இழக்கத் தொடங்கியிருக்கும் என்பது இதன் பொருள். மருந்து விசிறியபின் வரும் கை நடுக்கம், தலைச்சுற்று, உடற்தளர்வு ஆகியவற்றை "வெயில் பட்டது" என்று தள்ளிவிடுதல் ஆகாது என்பதற்கு இதனினும் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

இங்கு ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். இம்மருந்தின் கேடு முழுவதும் மங்கனீசினால் மட்டும் வருவதன்று. உலோகத்தோடு பிணைந்துள்ள கரிமச் சேர்வையும் கலத்தின் சக்தி உண்டாக்கும் தொழிலைக் குழப்ப வல்லது. ஆகவே மங்கனீசு பயிருக்குச் சத்து என்னும் எண்ணத்தினால் இம்மருந்தைச் சத்துப்பொருளாகக் கருதி அளவை மிஞ்சி விசிறுதல் பெருந்தவறாகும்.

இரசமும் கட்மியமும்

மெதையில் இரசம் பட்ட புழுக்களிலும் டோபமீன் நரம்புக்கலங்கள் அழிவது 2010 ஆம் ஆண்டிற் காட்டப்பட்டது. புழுவின் உடலில் நஞ்சை எதிர்க்கும் தொழில்களை ஒருங்கே எழுப்பிவிடும் காவற்புரதம் ஒன்று உளது. அதனை நீக்கிய புழுக்களில் அழிவு கூடியது. மனிதனிலும் இதனை ஒத்த புரதம் இருக்கின்றது. உடல் நஞ்சின்முன் கையாலாகாது நிற்பதில்லை. தனக்கியன்ற அளவில் எதிர்க்கின்றது. எதிர்க்கும் ஆற்றலை மிஞ்சி நஞ்சு சேரும்போதே நோய் உண்டாகின்றது.

கட்மியம் புகுந்தவுடன் அதனைப் பற்றிப் பிணைத்துக்கொள்ளும் சிறு புரதங்களைப் புழு தன் குடலில் ஆக்குகின்றது. இவ்வகைப் புரதங்கள் மனிதனிலும் உள. ஆனால் புழு இன்னொரு பாதுகாப்பையும் உடையது. நெல் முதலிய தாவரங்கள் கட்மியத்தைப் பிணைப்பதற்கு ஆக்கும் ஒருவகைச் சேர்வையை இப்புழுவும் ஆக்குகின்றது என்பது 2001 ஆம் ஆண்டில் அறியப்பட்டது. மனித உடல் அதனை ஆக்குவதில்லை. கட்மியம் மனிதனில் முக்கியமாகச் சிறுநீரகத்திற் சேருகின்றது. ஜப்பான் நாட்டின் தொயாமா பகுதியில், சுரங்கக்கழிவு கலந்த ஆற்றுநீரைப் பாய்ச்சி விளைந்த நெல்லை உண்டவர்கள் எலும்பு நொந்து முறியும் நோய்க்கு ஆளாகினர். வயல்நீர் தூய்மையாக இருத்தல் விளைச்சலுக்கு மட்டுமன்றி உண்பவரின் உடல்நலத்துக்கும் அடிப்படை என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வாராய்ச்சியின் எல்லை

புழுவிற் கண்டதை அப்படியே மனிதனுக்கு ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. புழுவுக்கு நுரையீரல் இல்லை, ஈரல் இல்லை, குருதியோட்டம் இல்லை. மனித மூளையைச் சூழ்ந்துள்ள காப்புச்சவ்வும் இல்லை. அதன் தடித்த மேற்றோல் உலோகம் புகுவதைத் தடுப்பதால், ஆய்வுகூடத்தில் இடப்படும் செறிவுகள் பெரும்பாலும் மிக உயர்ந்தவை. எனவே எத்தனை நாள் மருந்து விசிறிய கமக்காரர் நோயுறுவார் என்னும் வினாவுக்குப் புழு விடை தருவதில்லை. எந்தப் பொருள் நரம்பைத் தாக்க வல்லது, எவ்வாயிலால் நுழைகின்றது, எக்கலத்தை முதலிற் கெடுக்கின்றது என்பவற்றுக்கே அது விடை தருகின்றது. அதன்பின் எலி முதலிய விலங்குகளிலும், மருந்தைக் கையாளும் தொழிலாளரின் உடல்நிலையிலும் அவ்விடையைச் சரிபார்த்தல் வேண்டும். மங்கனீசைப் பொறுத்தவரை, மனிதரில் 1837 ஆம் ஆண்டு தொடக்கம் கண்ட குறிகளும் புழுவிற் கண்ட காரணங்களும் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன.

கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை

இதுகாறும் கூறியவற்றிலிருந்து பின்வரும் விதிகள் பெறப்படுகின்றன.

1. தூளான பங்கசுநாசினியைப் பொதியிலிருந்து எடுத்துக் கரைக்கும் வேளையே தூள் மூச்சுடன் புகும் வேளை. காற்று வீசும் திசைக்கு முதுகு காட்டி நின்று, மூக்கையும் வாயையும் தகுந்த முகக்கவசத்தால் மூடிக்கொண்டு, பொதியை மெல்லத் திறத்தல் வேண்டும். தூளை முதலில் ஒரு பாத்திரத்திற் சிறிது நீருடன் குழைத்து, பின்னர் தெளிகருவியில் ஊற்றுக. வெறுங்கையாற் கலக்குதல் கூடாது, தடியைப் பயன்படுத்துக.

2. காற்றுக்கு எதிரே நடந்து விசிறலாகாது. அடைத்துக்கொண்ட தெளிமுனையை வாயால் ஊதுதல் அறவே கூடாது.

3. சுட்டுத்துண்டிற் குறித்த அளவையும் இடைவெளியையும் மிஞ்சுதல் கூடாது. மழைக்காலத்தில் நோய் பரவும் அச்சத்தால் அளவை இருமடங்காக்குதல் நோயை இருமடங்கு அடக்குவதில்லை. செலவையும் நஞ்சையுமே இருமடங்காக்கும்.

4. கடைசியாக விசிறிய நாளுக்கும் அறுவடைக்கும் இடையே விடவேண்டிய நாட்களைத் தவறாது விடுக. சந்தைவிலை நன்றாயிருக்கின்றது என்பதற்காக விசிறிய மறுநாள் தக்காளி பறித்தல் உண்பவருக்கு இழைக்கும் அநீதியாகும்.

5. நிறமூட்டிய விதை நஞ்சூட்டிய விதையாகும். மிஞ்சினாலும் அதனை உண்ணவோ, கழுவி மாவாக்கவோ, கோழிக்கும் மாட்டுக்கும் இடவோ கூடாது. கழுவினால் நிறமே போகும். விதைநெல்லையும் உணவுநெல்லையும் வெவ்வேறு இடங்களில் வைத்தல் நன்று.

6. மருந்தை வேறு போத்தலுக்கோ சரைக்கோ மாற்றி வைக்கலாகாது. வெறுமையான பொதிகளையும் பேணிகளையும் வீட்டுத்தேவைக்கு எடுத்தலும், வாய்க்காலிலும் கிணற்றருகிலும் எறிதலும் கூடாது. தெளிகருவியைக் கழுவிய நீரும் வாய்க்காலைச் சேரலாகாது.

7. வேலை முடிந்தவுடன் சவர்க்காரமிட்டுக் குளித்து, உடையை மாற்றுக. அவ்வுடையைக் குழந்தைகளின் உடையோடு சேர்த்துத் தோய்க்கலாகாது. கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் மருந்து கரைக்கும் இடத்தில் நில்லாதிருத்தல் வேண்டும்.

8. ஒருவரே ஆண்டு முழுவதும் ஊரார் தோட்டங்களிற் கூலிக்கு மருந்து விசிறுவது பல இடங்களிலும் வழக்கம். நரம்புக்கேடு சிறிது சிறிதாகச் சேர்வதாகையால் இத்தகையோரே மிகுந்த கவனத்துக்குரியர். இவ்வேலையை முறைமாற்றிச் செய்வித்தல் தோட்ட உரிமையாளரின் கடமையாகும்.

9. கை நடுக்கம், கால் தடுமாற்றம், கை விறைப்பு, குரல் தாழ்தல், கையெழுத்துச் சிறுத்தல், காரணமற்ற சினம் அல்லது சோர்வு ஆகியன நீடித்து நின்றால் வைத்தியரை அணுகுக. எந்த மருந்தை எவ்வளவு காலம் கையாண்டார் என்பதையும் அவரிடம் சொல்லுதல் வேண்டும். இயன்றால் சுட்டுத்துண்டையும் கொண்டு செல்க. இக்குறிகள் வேறு காரணங்களாலும் வரலாம். அதனை முடிவு செய்வது வைத்தியரின் வேலை. மறையாது கூறுவது நோயாளியின் வேலை.

10. மருந்தின் தேவையையே குறைத்தல் எல்லாவற்றினும் மேலானது. நோயற்ற விதைக்கிழங்கு, நோயைத் தாங்கும் இனம், போதிய இடைவெளி, நீர் தேங்காத பாத்தி, பயிர்ச்சுழற்சி, நோயுற்ற இலைகளைப் பறித்தழித்தல் ஆகியன வெளிறல் நோயைக் குறைக்கும். எந்த மருந்து எப்பொழுது தேவை என்பதைப் பகுதிக்குரிய விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்து செய்க.

முடிவுரை

கண்ணுக்குத் தெரிவதும் அரிதான ஒரு புழுவின் எட்டு நரம்புக்கலங்களை எண்ணிப் பார்த்து, மனிதரின் நோயொன்றுக்குரிய காரணங்களுட் சில இன்று அறியப்பட்டுள்ளன. அக்காரணங்களை மருத்துவர் அறிந்தால் மட்டும் போதாது. மருந்தைக் கையில் எடுப்பவர் அறிந்தாலே பயனுண்டு. பயிருக்கு வந்த நோய் ஒரு போகத்தோடு போகும். அடுத்த போகத்தில் வேறு பயிரிட்டு நட்டத்தை ஈடுசெய்யலாம். நரம்புக்கலம் அழிந்தால் அதனை ஈடுசெய்யும் போகம் இல்லை. ஆதலின் முகத்தைக் கட்டுவதற்குச் செலவாகும் இரண்டு நிமிடத்தையும், குளிப்பதற்குச் செலவாகும் அரைமணியையும் வேலையின் ஒரு பகுதியாகவே கமக்காரர் கருதல் வேண்டும்.